வேண்டுமென்றே செய்த எழுத்துப்பிழை

டோல்கேட் பகுதியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. ‘ற’வுக்கு ‘ர’ போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவருக்கு எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் வேலை. அங்கே அவரோடு வேலை செய்யும் மேகலா, “இங்க செம்ம மலை” என்று மழையைப் பற்றி வாட்ஸ்அப்பில் எழுதுவாள். இவர் விழுந்து விழுந்து சிரித்து, நாலு வரி பதில் போடுவார். பிழையே இல்லாமல் நான் அனுப்புவதற்கெல்லாம் ஒரே பதில்: “சரி.” வயிறு எரியாதா?

ஒரு மழை நாளில் நானும், “சீக்கிறம் வாங்க, மலை வறுது” என்று வேண்டுமென்றே தட்டிவிட்டேன். சிரிப்பார் என்று பார்த்தேன். பதிலே வரவில்லை. ஆத்திரத்தில் போனை அணைத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சொட்டச் சொட்ட நனைந்தபடி வீட்டு வாசலில் நின்றார். பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னாம்மே ஆச்சு? ஜொரமா? போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. நீ தப்புத் தப்பா எழுதுற ஆளே இல்லியே!”

என் ஒவ்வொரு எழுத்தையும் படித்துவிட்டுத்தான் “சரி” போட்டிருக்கிறார்.

“ஆமாங்க, ஜொரம்தான்” என்று சொல்லி வைத்தேன். மேகலா கதையை எந்த முகத்தோடு சொல்வது?