பத்தாம் நம்பர் பனியன்

ராஜபாளையத்தில் பாஸ்கெட்பால் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் தாங்களே ரெஃப்ரி என்று நினைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் ரெஃப்ரியைத் திட்டுவதற்கென்றே வருவார்கள். நான் இரண்டாவது வகை. இப்படிப்பட்ட ஊரில் விசிலோடு நடுவில் போய் நிற்க ஆசைப்பட்டார் எங்கள் தெரு சோலைராஜ். பஞ்சு மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்தால் நேரே மைதானம்தான்.

ஆசைக்குக் குறுக்கே நின்றது ஒரு விரல். அவருடைய வலது மோதிர விரலை மில்லில் ஒரு மெஷின் அடியோடு கொண்டுபோயிருந்தது. ஃபவுல் செய்தவனின் பனியன் நம்பரை ரெஃப்ரி, ஸ்கோர் எழுதும் மேசைக்காரர்களுக்குக் கைவிரலால் காட்ட வேண்டும். கூட்டத்தின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அப்போது நம்பர் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். ஒன்பது வரைக்கும் இருக்கிற விரல்களே போதும். பதினொன்றிலிருந்து வலது முஷ்டியை மூடினால் அதுவே பத்து, மிச்சத்தை இடது கை பார்த்துக்கொள்ளும். பத்துக்கு மட்டும் இரண்டு உள்ளங்கையையும் முழுசாக விரித்தாக வேண்டும்.

எண்பத்தெட்டில் ரெஃப்ரி பேட்ஜுக்கான தேர்வு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். அந்த வாரம் முழுக்க மனைவி கிருபாபாயை எதிரே உட்காரவைத்து விரல் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒம்பது" என்றார் கிருபாபாய்.

"ஏட்டி, நல்லாப் பாரு. பத்து."

"எனக்கு ஒம்பதுதான் தெரியுது. விரல் இல்லைன்னு முதல்லயே சொல்லிருங்களேன்."

"சொன்னா மைதானத்துக்குள்ளயே விடமாட்டாவ."

ஆட்டத்துக்கு வந்தது எங்கள் ஊர் டீம். அதில் பத்தாம் நம்பர் வேல்சாமி, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவன் ஆட இறங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சோலைராஜ் பஸ்ஸிலேயே வேண்டிக்கொண்டாராம். வேண்டுதல் பலிக்கவில்லை. முதல் பாதியிலேயே வேல்சாமி ஒரு பையனை வளையத்துக்கடியில் இடித்துத் தள்ளினான். பையனுக்கு முழங்கால் தேய்ந்து ரத்தம். சோலைராஜின் பல்லுக்கிடையில் விசில் இருந்தது, சத்தம் வரவில்லை. "கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று நானே கத்தினேன். இடைவேளையில் கொடுத்த சோடாவை அவர் தொடக்கூட இல்லை. அந்தப் பையனின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிடங்களில் வேல்சாமி மறுபடி ஒருவனை இடித்தான். இந்தத் தடவை விசில் அடித்தது. மேசை முன் வந்து இரண்டு கையையும் விரித்தார். மேசைக்காரர் ஒன்பது என்று எழுதினார். எங்கள் டீம் ஒன்பதாம் நம்பருக்கு ஏற்கனவே நாலு ஃபவுல். ஐந்தானால் வெளியே போக வேண்டும். பாவம், அவன் ஒன்றும் புரியாமல் தலையில் கைவைத்துக்கொண்டு நடந்தான்.

தேர்வாளர் பொன்னுராஜ் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பேட்ஜ் கிடைத்துவிடும். சோலைராஜோ ஒன்பதாம் நம்பரைத் திரும்பக் கூப்பிட்டார். மேசையைப் பார்த்து இடது கையை விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். ஐந்தும் ஐந்தும்.

பொன்னுராஜ் எழுந்து வந்து அவருடைய வலது கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?"

"சொன்னா விட்டிருப்பீகளா, சார்?"

விதிப் புத்தகத்தில் இல்லாத சைகை காட்டியதாகத் தேர்வில் கழித்துக்கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் ஆத்திரம்தான்.

தெரு டோர்னமென்டுக்குப் பேட்ஜ் யார் கேட்கிறார்கள்? அடுத்த மாதமே அவரைக் கூப்பிட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு டீமையும் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. வேல்சாமி ஏழாம் நம்பரில் நின்றான்.

"பத்து எங்கலே?"

"கிழிஞ்சு போச்சு அண்ணாச்சி."

எதிர் டீமிலும் பத்தைக் காணோம்.

"ரெண்டு டீமுக்கும் ஒரே நாள்ல கிழிஞ்சுதாக்கும்?"

வேல்சாமி தலையைச் சொறிந்தான். சோலைராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டார். "போய்ப் போட்டுட்டு வாலே. நீ ஃபவுல் பண்ணாம ஆடு, எனக்கு அது போதும்."

வேல்சாமி பத்தைப் போட்டுக்கொண்டு வந்தான். வந்த வேகத்திலேயே ஒருவனைத் தள்ளினான். சோலைராஜ் விசிலை ஊதிவிட்டு மேசையைப் பார்த்து நடந்தார், இடது கையை இரண்டு தடவை விரித்துக் காட்டினார்.