ஸ்டாப் பட்டனுக்குப் பிறகு ஒரு நிமிடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை திண்டிவனத்தில் என் வீட்டில் மூன்று பேர் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

யாரும் சாகவில்லை. எந்தத் தலைவருக்கும் அஞ்சலி இல்லை. இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து வந்திருக்கும் என் தங்கை மகள் ரேகா அப்படி இருக்கச் சொன்னாள். இருந்தோம்.

"மாமா, அத்தை... ஒரே ஒரு நிமிஷம். யாரும் பேசாதீங்க, அசையாதீங்க. மாமா, அந்த மல்லாட்டையக் கீழ வைங்க. நீங்க ஒடைக்கறது மைக்ல வெடி வெடிச்சா மாதிரி கேக்குது."

வைத்தேன். என் வீட்டில், என் நாற்காலியில், நான் தின்கிற வறுத்த வேர்க்கடலையைக் கீழே வைக்கச் சொல்ல இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்.

"இவருக்கு இன்னாத்துக்கும்மா மைக்கு? சும்மா பேசினாலே மேம்பாலம் தாண்டிக் கேக்கும்" என்றாள் என் மனைவி சரோஜா.

"அத்தே!"

நிமிடம் முதலிலிருந்து ஆரம்பித்தது. குக்கர் விசில் அடித்தது. மறுபடி முதலிலிருந்து. தெருவில் பழைய இரும்பு வாங்குகிற ஆட்டோ ஸ்பீக்கரோடு வந்தது. மறுபடி. நான் இருமினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அவள் அம்மா என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

நாலாவது முறைதான் அந்த ஒரு நிமிடம் கிடைத்தது.

எதற்கு இந்தக் கூத்து? கேட்டேன். அவள் சொன்னாள்: ஆட்கள் இருக்கிற, ஆனால் பேசாத ஓர் அறைக்கும் ஒரு சத்தம் உண்டாம். அறைக்கு அறை மாறுமாம். பேச்சை வெட்டி ஒட்டுகிற இடத்தில் அந்தச் சத்தத்தை அடியில் போட்டால்தான் தையல் தெரியாதாம். ரூம் டோன் என்று பெயர். எங்கே போய் யாரிடம் பேசினாலும், கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம் அதை எடுத்துக்கொள்வாளாம்.

இத்தனை வருஷம் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கென்று ஒரு சத்தம் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஃபேன்... தூரத்தில் பஸ் ஹாரன்... பக்கத்து வீட்டு மோட்டார். அட, இது என் வீடுதான்!

ரேகா செய்வதைப் போட்காஸ்ட் என்கிறார்கள். காதால் கேட்கிற கதை. ரேடியோ ஸ்டேஷன் கிடையாது, முதலாளி கிடையாது. கையளவு ரெக்கார்டர், ஒரு லேப்டாப். துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுவாளாம். கோட்டும் ஸ்வெட்டரும் எதிரொலியைக் குடித்துவிடுமாம். பேசி முடித்து இன்டர்நெட்டில் போட்டுவிடுவாள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கதை எதைப் பற்றி? அவள் தெருவைப் பற்றி. ஒரு வீட்டுக்கு ஒரு எபிசோட். குஜராத்திக் கடைக்காரர், சோமாலியா டாக்ஸி டிரைவர், போலந்துக்கார ரொட்டிக் கடைத் தம்பதி.

"ஏம்மா, வெள்ளைக்காரன் ஒருத்தன்கூட இல்லியா அங்க?"

"இருக்காரே. மூணாவது வூடு. சமோசா இல்லாம அவருக்கு வெள்ளிக்கெழம போவாது."

எங்களுக்கு இங்கிலாந்து என்றால் மொத்தமும் லண்டன். லண்டன் என்றால் தொப்பி, குடை, டீ. அதற்குமேல் நான் யோசித்ததே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ரேகா பேசுகிற தமிழ். "வந்துக்கினு இருக்கேன் மாமா", "ஜல்தியா சொல்லுங்க", "ஒரே பேஜாரு." லெஸ்டரில் பிறந்தவள், எங்கள் தெருப் பிள்ளைகளைவிடத் திண்டிவனத்துக்காரி மாதிரிப் பேசுகிறாள். என் தங்கை தொண்ணூற்று மூன்றில் எடுத்துக்கொண்டு போன பேச்சு, அலுங்காமல் அப்படியே இருக்கிறது.

முதல் எபிசோட் டோரத்தி ஆன்ட்டி. பக்கத்து வீடு. ஜமைக்காவிலிருந்து வந்தவர். ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தவர். ரேகாவைத் தூக்கி வளர்த்தவர். அந்த எபிசோடில் தெருவே டோரத்தியைப் பற்றிப் பேசுகிறது. டோரத்தி மட்டும் பேசவில்லை.

"அவங்க தவறிப்போனப்புறம்தான் மாமா ரெக்கார்டர் வாங்கினேன். அவங்க குரல் யார்கிட்டயும் இல்ல. ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட இல்ல. அந்தக் கடுப்புலதான் இதெல்லாமே."

கடுப்பில் ஆரம்பித்த வேலை! எனக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது.

அப்புறம் தன் அம்மாவைப் பற்றிய எபிசோடைப் போட்டுக் காட்டினாள். பிடித்ததெல்லாம் போய்விட்டது.

என் தங்கை கஸ்தூரியைப் பற்றி, வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் அதிகம் எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சுச் சிப்பாய்க் குடும்பத்தில், கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் மகனுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். அவர் வேலை தேடி இங்கிலாந்து போனார், இவளும் போனாள். மாதம் இரண்டு முறை போன் செய்வாள். "நல்லா இருக்கேண்ணா. நீங்க நல்லா இருக்கீங்களா? வெச்சிடறேன்." மூன்று நிமிடம். இருபது வருஷமாக எனக்கு மூன்று நிமிடம்தான் கொடுக்கிறாள். ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்த எபிசோடில் அவள் சொல்கிறாள்: "நான் பேசினத எங்க வூட்ல யாரும் முழுசாக் கேட்டதே இல்ல."

எழுந்துவிட்டேன்.

"யாரு கேக்கல? அவ கேசட்ல பேசி அனுப்புவா. டேப் ரெக்கார்டரைச் சுத்தி வூடே உக்காந்து கேட்டோம். சோறு ஆறிப்போவும், அப்பவும் கேட்டோம். ஒரு வார்த்த உட்டதில்ல! இந்தப் பொய்ய நீ ஊர் ஒலகத்துக்கெல்லாம் போட்டுக் காட்டுவியா?"

"வர்ற வெள்ளிக்கெழம போடறேன் மாமா" என்றாள், குரலை உயர்த்தாமல். "உங்க பக்கத்தயும் கேக்கலாம்னுதான் வந்தேன். அந்தக் கேசட் ஏதாச்சும் இருந்தா குடுங்க. நீங்க சொல்றது நெஜம்னா அந்த வரிய எடுத்துடறேன்."

போதுமே! லாஃப்டில் ஏறினேன்.

கேசட் கடிதாசி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் அவள் பேசுவாள். புதுச்சேரிக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவாள். மறுபக்கம் நாங்கள் பேசி, அதே கேசட்டைத் திருப்பி அனுப்புவோம். அதைக் கேட்டுவிட்டு, தன் பழைய பேச்சின் மேலேயே புதுப் பேச்சைப் பதிந்து அனுப்புவாள். அதனால் எதுவும் மிஞ்சவில்லை. கடைசியாக வந்தது மட்டும் தங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. பிறகு யார் கேசட்டில் பேசுவார்கள்?

பிஸ்கட் டப்பாவில் பழைய ரேஷன் கார்டுகளுக்கு அடியில் கிடைத்தது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன்னும் கிடைத்தது, ஆனால் ஓடவில்லை. மேம்பாலத்துப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் பெல்ட் மாற்றிக் கொடுத்தார். வழி நெடுக ரேகாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்: "இப்பப் பாரு. உங்கம்மா வாயாலயே ப்ரூஃப் குடுக்கறேன்."

ஹாலில் வைத்து பிளேயை அழுத்தினேன். ரேகா மைக்கைப் பக்கத்தில் வைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கஸ்தூரி குரல். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுக் குரல். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குரலேதான் அது.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். ரேகா குப்புற வுழுந்து தவழுது. இங்க குளிரு, ஆனா வூட்டுக்குள்ள ஹீட்டர் இருக்குது. அவரு நல்லா பாத்துக்கறாரு. பக்கத்து வூட்டம்மாவும் நல்லவங்க. ஒரு கொறையும் இல்ல. அண்ணா, ஒடம்பப் பாத்துக்கோ, எல்லார் மேலயும் எரிஞ்சி வுழாத..." இப்படிப் பன்னிரண்டு நிமிடம். "சரி, வெச்சிடறேன். எல்லாரும் நல்லா இருங்க."

"பாத்தியா?" என்றேன். "ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்குது. முழுசாக் கேட்டமா இல்லியா?"

ஸ்டாப் பட்டனுக்குக் கை போனது. அது அந்தக் காலத்துப் பழக்கம். 'வெச்சிடறேன்' என்ற சொல் வந்ததும் எங்கள் அம்மா டக்கென்று நிறுத்திவிடுவார். பேட்டரி வீணாகக் கூடாது.

"கைய எடுங்க மாமா."

"அதான் முடிஞ்சிபோச்சே."

"டேப்போட வெறும் சத்தம் ஒரு நிமிஷம் வேணும். வெட்டி ஒட்டறதுக்கு. கைய எடுங்க."

எடுத்தேன். மறுபடியும் மூன்று பேர் பேசாமல் உட்கார்ந்தோம். டேப் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓடியது.

பிறகு தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் வந்தது.

கப்பு கழுவுகிற சத்தம். குழந்தை முனகல். கஸ்தூரி மெஷினை நிறுத்த மறந்திருக்கிறாள்! கதவு திறந்தது. ஒரு பெண் குரல், கனமாக, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது.

ரேகா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "டோரத்தி ஆன்ட்டி" என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

டோரத்தியின் ஆங்கிலம் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டே தமிழில் சொன்னாள். என் தங்கையின் ஆங்கிலம் மொத்தமும் புரிந்தது. அது என்னுடைய ஆங்கிலம்தானே.

'யார்கூடப் பேசற?' இது டோரத்தி.

"மை ஹோம். மை மதர், மை பிரதர்."

'ஜன்னல் விஷயத்தச் சொன்னியா?'

"நோ."

'பசங்க கல்லெறிஞ்சி கண்ணாடி ஒடஞ்சி மூணு வாரமாச்சி. நீ வெளிய வந்தும் மூணு வாரமாச்சி. வூட்டுக்குக்கூடச் சொல்லலியா? ஏன்?'

குழாய் மூடுகிற சத்தம். அப்புறம் கஸ்தூரி சொன்னாள்:

"மை பிரதர் வெரி ஆங்ரி மேன். ஹி வில் ஷவுட். மதர் வில் க்ரை. ஐ சே ஃபைன்... எவ்ரிபடி ஃபைன்."

சரோஜா என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு அவளுக்கு நன்றி.

டோரத்தி சிரித்த மாதிரி இருந்தது. 'எனக்குந்தான் கோவம் வருது. கோட்ட மாட்டு. பாப்பாவுக்கும் மாட்டு. மூணு பேரும் கடைக்குப் போறோம். எவன் கல்லெறியறான்னு நானும் பாக்கறேன்.'

கோட்டு உரசுகிற சத்தம். குழந்தை சிணுங்கல். கதவு சாத்தினார்கள்.

அப்புறம் யாரும் இல்லாத ஒரு சமையலறை. எங்கோ ஒரு கடிகாரம், ஒரு குழாய்ச் சொட்டு, வெளியே கார்கள். ரேகா தவழ்ந்த வீட்டின் ரூம் டோன். அந்தப் பக்கம் தீர்ந்து பட்டன் தானாக எகிறும்வரை நாங்கள் யாரும் கையை நீட்டவில்லை.

இருபது வருஷமாக இது என் லாஃப்டில்தான் இருந்தது. என் தலைக்கு மேலே! மூன்று நிமிடத்துக்குமேல் ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. பதில் பிஸ்கட் டப்பாவில் இருந்திருக்கிறது.

இந்தப் பத்தியைப் படிக்கிற நீங்கள் என் கோபத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். மனதில் பட்டதை நேராகச் சொல்கிற ஆள் என்கிறீர்கள். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு. நான் நேராகச் சொன்னேன், சரி. என்னிடம் யார் நேராகச் சொன்னார்கள்? டோரத்தியும் கோபக்காரர்தான். ஆனால் அவர் கத்தவில்லை. கோட்டை மாட்டச் சொன்னார். முகம் தெரியாத அந்த அம்மாளிடம் எனக்கு இப்போதுதான் பொறாமை வருகிறது.

"அந்த வரிய எடுக்கட்டுமா மாமா?" என்று ரேகா கேட்டாள். நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"எடுக்காத. இருக்கட்டும். டோரத்தி கொரலயும் போடு. நான் கத்தினத ரெக்கார்ட் பண்ணியிருந்தா அதயும் போடு."

"அது கிளியரா இருக்குது மாமா."

"இருக்காதா பின்ன!" என்றாள் சரோஜா.

அங்கே விடிந்து நேரமாகியிருக்கும் என்று ரேகா கணக்குச் சொன்னாள். போன் போட்டேன்.

"நல்லா இருக்கேண்ணா. நீங்க நல்லா..."

"அது கெடக்கட்டும் கஸ்தூரி. அந்த ஜன்னல் ஒடஞ்சிதே... டோரத்தியம்மாகூடக் கடைக்குப் போனியே... அப்புறம் என்னா ஆச்சி?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் "ஹலோ, ஹலோ" என்று கத்த வாயெடுத்தேன். ரேகா உதட்டில் விரலை வைத்தாள்.

"உனக்கு யாருண்ணா சொன்னது?"

"நீதான். இன்னிக்கித்தான் கேட்டேன்."

"...கோவம் வரலியா உனக்கு?"

"வருது. நீ சொல்லு."

நாற்பது நிமிடம் பேசினாள். நான் ஒரு மல்லாட்டைகூட உடைக்கவில்லை.