டவுன்லோட் டீச்சரின் மஞ்சள் உறை

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு ஆசிரியர் அறையில் வைத்திருந்த பெயர் டவுன்லோட் டீச்சர். பொய்யில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றபடி பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லும் இணையதளம் எந்த மூலையில் இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். இறக்கிய கோப்புகளின் பாரம் தாங்காமல் மடிக்கணினி திணறும். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், "அதுக்கும் உயிர்னு ஒண்ணு இருக்கும்மா" என்பார். டீச்சர் காதில் போட்டுக்கொண்டால்தானே! பத்தொன்பது வருஷ வேலையில் பாதியை, "போர்டைப் பாத்து எழுதுங்க" என்று சொல்லியே கழித்துவிட்டோமே என்ற உறுத்தல் அவருக்கு.

இந்த வருஷம் முதல் பெஞ்சில் பார்வை மிகக் குறைந்த ஒரு சிறுமி. வாய் மட்டும் ஊரையே விலை பேசும். அவளைத் தனி வகுப்புக்கு மாற்றும் படிவம் தலைமையாசிரியையிடம் தயாராக இருந்தது.

"புதன்கிழமை உங்க பாடத்தை வந்து பாக்கறேன். அவளால ஈடுகொடுக்க முடியலன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார் அவர்.

போதாதா? டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. மலையில் பிறந்த ஆறு கடலுக்குப் போவதுதான் பாடம். படத்தின் கோடுகள்மேல் பசையை இழுத்துக் காயவிட்டால் விரலால் தடவிப் படிக்கலாம் என்றது ஒரு தளம். பெரிய எழுத்தில் அச்சடி என்றது இன்னொன்று. வெட்டி ஒட்டக் கொடு என்றது மற்றொன்று. ஒன்றையும் விடவில்லை. கணவர் ஹேர் டிரையரால் பசையைக் காயவைக்க, ஒரு ஆறு அவர் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டது. "அசையாதீங்க, கடல் கிழிஞ்சிடும்!" என்று டீச்சர் அலறினார். மனிதர் அரை மணி நேரம் சிலையாக நின்றார், பாவம்.

எல்லாவற்றையும் ஐந்து வண்ண உறைகளில் போட்டார். அங்கேதான் வினை. வீட்டில் அடுக்கும்போது பின்பற்றியது ஒரு தளத்தின் கணக்கு: தடவும் தாளுக்கு மஞ்சள். வகுப்பில் நினைவுக்கு வந்ததோ இன்னொரு தளத்தின் கணக்கு: தடவும் தாளுக்கு நீலம். ஆக, வெறும் சாதாரணப் படம் இருந்த நீல உறை சிறுமிக்குப் போனது. மஞ்சள் உறை கடைசி பெஞ்சின் வாலுகளிடம் போனது. தலைமையாசிரியை படிவத்தோடு பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், என் தாள்ல தடவ ஒண்ணுமே இல்ல!" என்றாள் சிறுமி.

டீச்சர் ஓடிவந்து தாளைத் தடவிப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. அதே நேரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கூச்சல்: "ஐ, மேடு மேடா இருக்குடா! கண்ண மூடிக்கிட்டே போலாம்!"

"அது என்னுது!" சிறுமி பெஞ்சுகளைத் தொட்டுத் தொட்டு விறுவிறுவென்று பின்னால் போனாள். தாளை ஒரு தடவு தடவினாள். பக்கத்தில் கண்ணை மூடித் தடுமாறிக்கொண்டிருந்தவனின் விரலைப் பிடித்து இழுத்தாள். "லூசு, மலை மேல ஏறிட்டிருக்க. ஆறு மேல ஏறுமா? கீழ வா. இங்க ரெண்டாப் பிரியுது பாரு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "எனக்கு, எனக்கு!" என்று வரிசை கட்டினார்கள். டீச்சர் சாக்பீஸும் கையுமாக நின்றார். செய்வதற்கு அவருக்கு வேலையே இல்லை.

"எனக்கும் ஒரு தடவை காட்டேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரா இருந்தாலும் வரிசையில வா!" என்றாள் சிறுமி, திரும்பாமலே.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, வாலுகளுக்குப் பின்னால், வரிசையில் போய் நின்றார். அவர் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

"ஐயையோ, மேடமா? உங்களுக்கு நாளைக்கு" என்றாள் சிறுமி, நாக்கைக் கடித்துக்கொண்டு.

"நாளைக்கு நான்தான் முதல்ல." கையெழுத்தில்லாத படிவத்தைப் பெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தார் தலைமையாசிரியை. "இடம் போட்டுட்டுப் போறேன். யாரும் எடுக்கக்கூடாது."

யாரும் எடுக்கவில்லை. மறுநாள் அவர் வந்து பார்த்தபோது, அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் டீச்சர் பசையால் இழுத்த புது ஆறு ஒன்று நன்றாகக் காய்ந்திருந்தது.