அழிக்காத கேசட்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் புத்தகத்தில் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை இதுவரை யாரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மந்தைவெளியில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்கள் பாட்டுகளைப் பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள், நான் கேசட்டில் பதிந்து தருவேன். அங்கே வாரம் தவறாமல் ஒருவர் வருவார். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு, வங்கியில் உத்தியோகம், கச்சேரி, நாடகம், ஓவியம் என்றால் உயிர். சார் என்றுதான் கூப்பிடுவேன். அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் ரேடியோ நடத்த முடியாத காலம் அது. சாருக்கு அதில்தான் ஆசை.

"காத்துல விடறதுக்குத்தானே லைசென்ஸ்? கேசட்ல விட்டா எவன் வந்து தடுக்கப்போறான்?" என்றார்.

அப்படித்தான் எங்கள் ரேடியோ தொடங்கியது. ஒரு மணி நேரக் கேசட். முதல் பக்கத்தில் பாட்டும் கலையும்: நாதஸ்வரம் பழகுகிற பெண், பட்டினப்பாக்கத்து கானாப் பாடகர், அந்த வாரம் பார்த்த நாடகத்தைப் பற்றிச் சாரின் பேச்சு. இரண்டாம் பக்கத்தில் ஊர் நடப்பு: தண்ணீர் லாரி, ரேஷன் கடை, ஒட்டப்பட்ட நோட்டீஸ். சனிக்கிழமை பதினோரு பிரதிகள் எடுப்பேன். டீக்கடை, தையல் கடை, சலூன் என்று கோயில் குளத்தங்கரையிலிருந்து பட்டினப்பாக்கம் வரை கொடுப்போம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எல்லாக் கடையிலும் ஒன்றாகப் போட வேண்டும், அது எங்கள் கண்டிப்பு. சாந்தோம் சாலையில் நடந்தால் ஒரு கடையில் தேய்கிற வாக்கியம் அடுத்த கடையில் வந்து முடியும். எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஏனென்றால் ஊர் நடப்பைப் படிப்பது நான். கதவைச் சாத்திவிட்டு மைக் மட்டும் இருந்தால் எனக்குக் கூச்சமே வராது.

செய்திக்காக டேப்ரெக்கார்டரோடு போவேன். ஜனங்கள் பேசியதை அப்படியே போடமாட்டேன். கேட்டு, என் வார்த்தையில் எழுதி, என் குரலில் படிப்பேன். அவர்கள் பேசிய கேசட்டின் மேலேயே அடுத்த வாரம் வேறு பதிவேன், பழையது அழிந்துவிடும். இதைச் சொன்ன பிறகுதான் யாரும் வாயைத் திறப்பார்கள்.

பட்டினப்பாக்கத்தில் சாலை ஓரம் மீன் விற்கிற அக்கா ஒருத்தி. என் கையிலிருந்த டேப்ரெக்கார்டர் பொட்டியைப் பார்த்ததும் கேட்டாள்:

"இன்னா கண்ணு, இது என் பேச்சைத் தின்னுட்டு யாராண்ட போய்க் கக்கும்?"

"என் குரல்லதான் வரும்க்கா. உங்களுது அடுத்த வாரம் அழிஞ்சிடும்."

"மெய்யாலுமா?"

"நான் அழிச்சிடுவேன்."

பிறகு பேசினாள். மீன் கடைகளைச் சாலையிலிருந்து தூரத்துக்கு மாற்றக் குப்பத்து ஊர்த்தலைவர் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். ரேஷன் கார்டுக்கு என்று சொல்லிப் பெண்களிடம் கைநாட்டு வாங்கி, அவர்களும் சம்மதித்ததுபோல அதோடு சேர்த்திருக்கிறார். அக்கா அவரைத் திட்டினாள், அழுதாள், நடுவில் ஒரு வாடிக்கைக்காரருக்குச் சங்கரா மீனை விலை சொன்னாள். சாலையில் யார் எங்கே உட்கார்ந்து விற்பது என்பதை முடிவு செய்வது அந்தத் தலைவர்தான். அவர் காதுக்குப் போனால் அக்காவுக்கு உட்கார இடம் இருக்காது. இதையெல்லாம், அழித்துவிடுவதாக நான் சொன்னதையும் சேர்த்து, சாரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் யார் பெயரும் இல்லாமல், யார் சொன்னது என்று தெரியாமல் எழுதிப் படித்தேன்.

அடுத்த வாரம் கடையில் அந்தக் கேசட்டை எடுத்தேன். மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களும் உடைந்திருந்தன. அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி பதிய முடியாது. தானாக உடையாது, யாராவது குத்தி எடுக்க வேண்டும்.

"நான்தான் உடைச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு," என்றார் சார். "நீ படிச்சா நியூஸ் மாதிரி இருக்கு. அவ பேசறதுல உசிர் இருக்கு. இதைப் போய் யாராவது அழிப்பாளா?"

துளையில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். அது என் தொழில். ஒட்டவில்லை. நான் எடுத்து வந்த பேச்சைச் சார் பாராட்டிவிட்டார் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன்.

எங்கள் ரேடியோவுக்கு ஒரு வயது ஆனதற்கு தி. நகரில் ஒரு சின்ன ஹாலில் சார் விழா வைத்தார். அரசாங்க எஃப்.எம். ரேடியோவில் அரை மணி நேரம் வாங்கித் தரக்கூடிய அதிகாரி ஒருவரை அழைத்திருந்தார். குப்பத்துக் கடைகளில் கேசட் போட விட்டதற்காக ஊர்த்தலைவருக்குச் சால்வை. அக்காவை அழைத்தது நான். பச்சைப் பட்டுக் கட்டி, பூ வைத்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏசி ஹாலு! ஐஸ்ல போட்ட மீனா ஆயிடுவேன் போல கீது," என்று சிரித்தாள்.

நாதஸ்வரம் முடிந்தது. கானா முடிந்தது. "இப்ப ஜனங்களோட நிஜக் குரல்," என்றார் சார்.

அக்காவின் குரல் ஹால் முழுக்க வந்தது. திட்டு, அழுகை, சங்கரா விலை, எல்லாம். சங்கரா வந்ததும் சபையில் சிரிப்பு. அக்கா திரும்பவே இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

முதல் வரிசையில் சால்வையோடு இருந்த தலைவரும் சிரித்தார். "நம்ம பொம்பளைங்க வாய்க்கு மைக்கே வேணாம் சார்," என்றார். பிறகு எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

படியில் அக்காவைப் பிடித்தேன்.

"அழிச்சிடுவேன்னியே."

"அக்கா, சார்தான்..."

"உன் சாரை நான் எங்கம்மா கண்டேன்? உன்னாண்டதானே பேசினேன்."

அவள் பஸ் ஸ்டாப் பக்கம் போனாள். நான் திரும்பி வந்து, வாழ்க்கையில் முதல்தடவையாகச் சாரிடம் குரலை உயர்த்தினேன். "அழிக்கறதா சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும் சார்."

"பேர் சொல்லலியே? வெறும் குரல்தானே? யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார். குரலை மட்டும் வைத்து ஒரு வருஷம் ரேடியோ நடத்தினவர் சொன்னார் இதை. அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துப்போனதாம். எஃப்.எம். கிடைத்தால் செய்தி வாசிக்க என்னையே கூட்டிப்போவாராம். என் தோளைத் தட்டிவிட்டு விருந்தினரை வழியனுப்பப் போனார். ஏமாற்றினோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. நான் அவர்மேல் வைத்திருந்த மரியாதை எவ்வளவு என்று அது போனபோதுதான் தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் பட்டினப்பாக்கம் போனேன். அக்கா உட்காரும் இடத்தில் வேறொரு பெண் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அக்கா எங்கே என்று கேட்டேன், தெரியாது என்றாள். ஒன்பதரைக்கு, எப்போதும்போல, ரெக்கார்டிங் கடைக்கு வேலைக்குப் போனேன்.