அமுக்குங்க, ஒண்ணும் ஆகாது

"அமுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, அவள் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொள்கிறாள். எதிரே மருந்துக் கடைக்காரரின் மனைவி, டிவி ரிமோட்டை வெடிக்கப்போகிற பொருளைப் போலப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"நடுவுல இருக்கறதா, மேல இருக்கறதா?"

"நடுவுல."

"அமுக்கினா எல்லாம் போயிடாதே?"

"ஏற்கெனவே எல்லாம் போயிடுச்சுக்கா. இனிமே வர்றதுதான் பாக்கி."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிறாள். திரையில் படம் வருகிறது. வெற்றி அந்த அம்மாளுடையது என்று நம்மவளால் கைதட்ட முடிவதில்லை. கை அடியில் அல்லவா இருக்கிறது. தலையை மட்டும் பலமாக ஆட்டுகிறாள்.

சுற்று வட்டாரத்தில் அவளுக்குக் 'குச்சி அக்கா' என்று பெயர். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை என்பது, இரண்டு மாடி ஏறி வந்து வாசலில் அவள் மூச்சு வாங்கி நிற்கும்போதே தெரிந்துவிடும். டிவியின் முதுகில் செருகுகிறார்களே, விரல் நீளக் கருப்புக் குச்சி, இணையத்தில் கிடக்கும் படத்தையும் தொடரையும் வீட்டுக் கூடத்துக்கு இழுத்து வருகிற அந்தக் குச்சியைப் பற்றிய பெயர். அது நின்றுபோனால், அதை விற்ற கடையிலிருந்து அவளை அனுப்பி வைப்பார்கள். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். "ஊர்ல இருக்கற டிவியெல்லாம் ஓடுது. நம்ம வீட்டு ரிமோட்டுக்கு பேட்டரி மாத்த ஆளில்ல" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொல்வார். "ரிமோட்ட எங்கிட்ட எப்ப குடுத்தீங்க, மாத்தறதுக்கு?" என்பாள் அவள்.

அவளுடைய பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. நல்ல ஒயர் ஒன்று, கரண்ட் கொடுக்கும் அடாப்டர் ஒன்று, பேட்டரிகள், ஒரு வட்ட முகக்கண்ணாடி. சுவரோடு ஒட்டி மாட்டிய டிவியின் பின்புறத்தை எட்டிப் பார்க்க முடியாதில்லையா, அதற்குத்தான் கண்ணாடி. வந்ததும் வராததுமாய் அதை அவள் வெளியே எடுத்ததைப் பார்த்த ஒரு பெரியவர், "அலங்காரத்த அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல டிவியப் பாரும்மா" என்று சொல்லியே விட்டார். "டிவியோட முதுகுக்குத்தாங்க அலங்காரம்" என்று அவரையே கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி, இவள் டார்ச் அடித்தாள்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவள் முதலில் டிவியைப் பார்க்கமாட்டாள், ஆட்களைப் பார்ப்பாள். "கடைசியா நல்லா ஓடினது எப்போ? அன்னிக்கு வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்பாள். சோபாவை இடம் மாற்றியிருப்பார்கள். விளையாட்டுக் காருக்கு ரிமோட்டின் பேட்டரி போயிருக்கும். சில வீடுகளில் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அப்போது குரலைத் தாழ்த்தி, "மச்சான் யாராவது வந்து, 'தள்ளு, நான் பாக்கறேன்'னு சொன்னாரா?" என்பாள். சொல்லியிருப்பார்.

குச்சிக்கு வரும் நோவுகளை அவள் சொல்லக் கேட்க வேண்டும். குச்சியைத் தனியாகச் சுவர் பிளக்கில் செருகாமல் டிவியிலிருந்தே கரண்ட் எடுத்திருந்தால், "டிவி சாப்பிட்ட மிச்சத்துல பொழைக்குது பாவம். இதுக்குத் தனியா இலை போடுங்க" என்பாள். வெயில் படும் சுவரில் சூடேறிக் கிடந்தால், "காய்ச்சல்ல இருக்கு, கொஞ்சம் காத்தாட விடுங்க" என்பாள். ஆனால் எந்த நோவானாலும் தன் கையால் தீர்த்து வைக்கமாட்டாள். தொழிலுக்கு வந்த புதிதில் தட்டு தட்டு என்று தானே தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவாளாம். அதே வீட்டிலிருந்து அதே கோளாறுக்கு மறுபடி அழைப்பு வரும். "நான் வாசல்ல செருப்ப மாட்டறதுக்குள்ள மறந்துடறாங்க. நான் அமுக்கினா என் விரலுக்குத்தானே தெரியும்? அதான் என் கைமேல நானே ஏறி உக்காந்துக்கறேன். இல்லேன்னா அது சும்மா இருக்காது" என்கிறாள்.

கடை முதலாளிக்கு இதில் வருத்தம். "இப்படி எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா நாளைக்கு யாரு நம்மளக் கூப்பிடுவா?"

"புதுசா ஒரு மச்சான் வராமலா போயிடுவாரு, சார்?"

இன்னொரு பிடிவாதமும் உண்டு. திரையில் வரும் எழுத்தை வீட்டுக்காரர்களேதான் வாசிக்க வேண்டும். "என்ன நோவுன்னு அதுவே எழுதிக் காட்டுது. ஒருத்தரும் வாசிக்கறதில்ல. கோவத்துல ஒயரப் பிடுங்கிடறாங்க." இந்த இரண்டு பிடிவாதங்களோடும், ஓடாத டிவியை அப்படியே விட்டுவிட்டு அவள் ஒரு வீட்டுப் படியையும் இறங்கியதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வீட்டில் மட்டும் என்ன நடந்தது என்பதை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

கடைவீதித் திருப்பத்தில் அவருடைய கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'தந்தை கண்ணாடியகம்' என்று எழுதியிருக்கும். அதென்ன பெயர் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் யோசிப்பார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நின்று பார்த்தால், நடுவில் பூசிய நீலத்துக்கு அடியில் இன்னொரு வார்த்தை தெரியும். 'தந்தையும் மகளும் கண்ணாடியகம்' என்று எழுதிய பலகை அது. மகளைக் கேட்காமலே எழுதிவிட்டார். பலகை ஏறிய அன்றே மகள், தனக்கு வெளியூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். "போனா போனதுதான். இனிமே அவ பேச்சு இந்த வீட்டுல கூடாது" என்று சொன்னார் அவர். போய்விட்டாள். அவர் நீலப் பெயின்ட் வாங்கி வந்தார். கொஞ்சம் வேறு நீலம்.

அவர் வீட்டுக் குச்சிக்கு விசித்திரமான வியாதி. பகலெல்லாம் ஓடும். கடையைப் பூட்டிவிட்டு வந்து ஏழு மணிக்கு அவர் போட்டால் திரை கருத்துவிடும்.

"என்ன எழுத்து வருது, சார்?"

"அத யாரு பாத்தா? பொழுதுக்கும் கடையில கண்ணாடியோட நிக்கறேன். வீட்டுக்கு வந்தாலாவது மூக்குக்கு ஓய்வு வேணாமா? இவளத்தான் வாசிக்கச் சொல்வேன்."

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி, "நெட்டு சரியில்லன்னு போடுது" என்றாள். குரல் கொஞ்சம் அவசரமாக இருந்தது. "பழசாயிடுச்சும்மா, விட்டுடு. டிவி பாக்கலேன்னா என்ன, பேப்பர் படிக்கட்டுமே."

குச்சி அக்கா ஒயரைப் பார்த்தாள், அடாப்டரைப் பார்த்தாள், நெட்டைப் பார்த்தாள். எல்லாம் கல்லுப்போல இருந்தன. "நோவு வர்ற நேரத்துலயே வந்து பாக்கறேன், சார். எழுத்து வந்தா நீங்கதான் வாசிக்கணும், சொல்லிட்டேன்" என்று எழுந்துகொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் போனபோது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். இவள் கைகளை அடியில் வைத்துக்கொண்டாள். போடுங்க, நிறுத்துங்க, திரும்பப் போடுங்க என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஏழு மணி தாண்டியது. படம் நன்றாக ஓடியது.

"நீ வந்ததும் எவ்வளவு சமத்தா ஓடுது பாரு" என்றார் அவர். அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது அவருக்கு.

சமையலறை வாசலில் நின்றவளுக்கோ நிலைகொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். இந்த அம்மாதான் ஏதோ செய்துவிட்டு மாட்டிக்கொள்ளப் பயப்படுகிறாள் என்று குச்சி அக்கா நினைத்தாள். ஆற வைத்த டீயில் ஆடை படிந்தது. கடைக்காரர் டிவியை நிறுத்திவிட்டுச் சோம்பல் முறித்தார்.

"சரியாயிடுச்சு போல. கிளம்பும்மா, உனக்கும் வீடு வாசல் இருக்குல்ல."

"ஏங்க" என்றாள் மனைவி. "இன்னும் ஒரே ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்."

குச்சி அக்கா நிமிர்ந்தாள். விட்டுடு, விட்டுடு என்றவள் இப்போது போடச் சொல்கிறாள். ஏன்?

அவர் போட்டார். திரை கருத்தது. வெள்ளை எழுத்துகள் வந்தன.

அந்த அம்மாள் மூச்சு விட்ட சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. தோள் தளர்ந்தது. முகத்தில், தொலைந்த பொருள் கிடைத்தவளின் நிம்மதி. அடுத்த கணமே சுதாரித்துக்கொண்டு, "நெட்டுதாங்க. நெட்டு சரியில்லன்னுதான்..." என்று ஓடி வந்தாள்.

ஆனால் அவர் வாசிக்கத் தொடங்கியிருந்தார். கடையில் அட்டையைக் காட்டி எத்தனையோ பேரை வாசிக்கச் சொன்னவர், ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"உங்கள் கணக்கு... இப்போது... வேறொரு திரையில்... பயன்பாட்டில் உள்ளது. பாப்பா கைபேசி."

மகள் கல்லூரிக்குப் போனபோது அவர் வாங்கிக் கொடுத்த கைபேசி அது. அதற்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். வாயால் சொல்லக்கூடாது என்று தானே விதித்த பெயரை, இதோ தன் வாயாலேயே வாசித்துவிட்டார்.

எழுத்துக்குக் கீழே ஒரு பொத்தான் ஒளிர்ந்தது. 'அந்தக் கருவியை வெளியேற்று.' அவருடைய கட்டைவிரல் ரிமோட்டின் நடுவில் போய் நின்றது. அவளைக் கேட்டே ஒவ்வொன்றையும் அமுக்கிப் பழகிவிட்டவர் இப்போதும் கேட்டார்.

"அமுக்கவாம்மா?"

எத்தனை வீடுகளில், எத்தனை பயந்த விரல்களுக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். 'ஒண்ணும் ஆகாது' என்ற அந்தப் பதில் இங்கே பொய்யாகிவிடும்.

"இத அமுக்கினா ஆகும், சார்" என்றாள் மெதுவாக. "உங்களுக்குப் படம் ஓடும். அந்தப் பக்கம் நின்னுடும். 'நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்'னு அங்க எழுத்து வரும்."

அவர் விரல் அங்கேயே இருந்தது. அவர் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க அவளுக்குப் பாஸ்வேர்டக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமையானா ஒரு வார்த்தை பேசறா, நல்லா இருக்கேன்மான்னு வச்சிடறா. மத்த நாள்ல எப்ப வர்றா, எப்ப சாப்பிடறா, எனக்கு என்ன தெரியும்? ரூமுக்கு வந்து தட்டத் தூக்கிட்டு உக்காந்தாதான் படம் போடுவா. சின்னதுலேருந்தே அப்படித்தானே. இந்த எழுத்து வந்துட்டா, அவ பத்திரமா வந்துட்டான்னு அர்த்தம். அதுக்கப்புறம்தாங்க எனக்குச் சோறு இறங்கும்."

"அதான் தினமும் நெட்டு சரியில்லையா?" என்றார் கடைக்காரர்.

அவள் முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள்.

குச்சி அக்காவுக்குத் தொழில் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. "வேற வழியும் இருக்கு, சார். இந்தக் கணக்குல ஒரு நேரத்துல ஒரு திரைதான் ஓடும். இன்னொரு திரை சேர்த்துட்டா ரெண்டு பக்கமும் ஓடும். யாரும் யாரையும் வெளியேத்த வேணாம்." அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா அப்புறம் இந்த எழுத்து வராது."

தரையில் இருந்தவள் துணியிலிருந்து முகத்தை எடுத்து நிமிர்ந்து பார்த்தாள்.

கடைக்காரர் திரையைப் பார்த்தார். 'பாப்பா கைபேசி' என்பதை உதடு மட்டும் அசைய இன்னொரு முறை வாசித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியின் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இன்னிக்கு ஏன் இவ்வளவு லேட்டு?"

"தெரியலீங்க" என்றாள் அவள். அழுகையும் சிரிப்புமாய் இருந்தது குரல். "பஸ் கிடைக்கலியோ என்னமோ."

"ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சோபாவில் கொஞ்சம் நகர்ந்து மனைவிக்கு இடம் விட்டார். அவள் எழுந்து வந்து உட்கார்ந்தாள். எதிரே கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து அப்படியே நின்றது. அதற்குக் கீழே அந்தப் பொத்தானும் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. அவருடைய கட்டைவிரல் இன்னும் ரிமோட்டின் நடுவில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். தன் விரலைத் தானே நம்பாதவர் போலப் பார்த்தார். பிறகு ரிமோட்டைக் குச்சி அக்காவின் பக்கம் நீட்டினார்.

"எங்கிட்ட இருந்தா கோவத்துல அமுக்கித் தொலைச்சிடுவேன்ம்மா. அவ சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நீ வச்சுக்க."

வாடிக்கைக்காரர் வீட்டு ரிமோட்டைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தவள், தொடைகளுக்கு அடியிலிருந்து இரண்டு கைகளையும் உருவி எடுத்து, தூங்குகிற குழந்தையை வாங்குவதுபோல் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.