காலிப் பெட்டியில் மீன் வாடை

அப்போது அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. வயது நாற்பத்து மூன்று. மீன் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து சொல்லும் மின்னணு மூக்கு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மூக்கு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பச்சைப் பலகையில் சட்டைப் பொத்தான் அளவில் எட்டு சென்சார்கள், அவ்வளவுதான். அதைச் சோதிக்கிற சாமான்கள்தான் அறையை அடைத்துக்கொண்டிருந்தன. சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிய சிலிண்டர்கள், காற்றை அளந்து விடும் கருவிகள், நடுவில் மூடியை இறுக்கித் திருகி மூடும் ஓர் எவர்சில்வர் பெட்டி.

பெட்டிக்குள் மீனையும் சென்சாரையும் வைத்து மூடினால் திரையில் ஒரு கோடு ஏறும். பிறகு மீனை எடுத்துவிட்டு, சுத்தமான காற்றை விட்டு, கோடு இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஏறப் பத்து நிமிஷம். இறங்க, சில சமயம் அரை நாள். என் வேலையில் பாதி இந்த உட்கார்ந்திருப்பதுதான்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டில் மீன் சமைத்ததே இல்லை. நல்ல மீன் எது, பழைய மீன் எது என்று எனக்குத் தெரியாது. அதனால் பட்டினப்பாக்கத்தில் ஒரு மீன்காரம்மாவைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தேன். கிட்டத்தட்ட என் வயதுதான் அவருக்கும். வாரத்தில் மூன்று நாள் காலையில் சங்கரா மீன் வாங்கி, ஐஸ் பையில் போட்டு எடுத்துப்போவேன். எதற்கு, எங்கே என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

சித்திரை வெயிலில் ஆய்வுக்கூடத்தின் ஏசி படுத்துவிட்டது. அந்த வாரம் அவர் கொடுத்த மூன்று மீனையும் கருவி பழைய மீன் என்றது. மறுநாள் நேரே போய்க் கேட்டேன்.

"நீங்க குடுத்தது மூணும் பழசுன்னு காட்டுதுங்க."

"யாரு சொன்னது?"

"மெஷின்."

"காத்தால போட்ல வந்த மீனும்மா இது! கண்ணப் பாரு, செவுளப் பாரு. உன் மெஷினுக்கு இன்னா, கண்ணா கீது?"

பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையில் எடுத்த மீனைத் திரும்பப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், நான்கு கடை தள்ளி வேறொருவரிடம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த மீனும் பழையது என்றே வந்தது. வெயில் காரணமாக இருக்கும் என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வாசல் செக்யூரிட்டி போன் செய்தார். மீன்காரம்மா கையில் பையோடு வந்து நிற்கிறாராம். உள்ளே கூட்டிவந்தேன்.

"என் எதிர்லயே வெச்சுப் பாரு" என்றார்.

பெட்டியின் மூடியைத் திறந்தேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாம்மா, உள்ள மீன வெச்சுட்டு மறந்துட்டியா?"

"காலிப் பெட்டிங்க இது."

"காலியா? கருவாட்டுக் கூடை மாறி நாறுது!"

நான் குனிந்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டு மாதமாக அதன் முன்னாலேயே உட்கார்ந்து வாடை பழகிப்போன மூக்கு என்னுடையது. அவர் பெட்டியின் விளிம்பில் விரலை ஓட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதோ, இந்த ரப்பர்லதான் கீது" என்றார்.

அந்த ரப்பர் வளையம் என் கைவேலை. பெட்டியோடு வந்த, வாடை பிடிக்காத டெஃப்லான் வளையம் ஆரம்பத்திலேயே விரிசல் விட்டது. புதியது வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் ரப்பர் ஷீட் வாங்கி, நானே வெட்டிப் பொருத்திவிட்டேன். புதியது வந்தபின்பும் மாற்றத் தோன்றவில்லை. காற்றுக் கசியவில்லை என்று பெருமைகூட இருந்தது. அது ஒவ்வொரு மீனின் வாடையையும் குடித்துவைத்து, சூடு ஏற ஏற வெளியே விட்டிருக்கிறது. காலிப் பெட்டியிலேயே கோடு மேலேறி நிற்பதைத் தினமும் பார்த்தேன். சென்சாருக்கு வயதாகிறது என்று முடிவுகட்டி, அதைக் கணக்கில் கழித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

"தப்பு உங்க மேல இல்லைங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அன்னிக்கு மீனப் போட்டுட்டுப் போனாங்களே, அவங்களாண்ட யாரு சொல்றது?"

கொண்டுவந்த மீனை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

மறுவாரம் அறிக்கை போக வேண்டும். திட்டத் தலைவரின் அறைக்குப் போய், ரப்பர் விஷயத்தை நின்றுகொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வேற யாருக்காவது தெரியுமாம்மா?"

யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாய் வந்தது.

"மீன்காரம்மாவுக்குத் தெரியும், சார்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி. முதல்லேர்ந்து போடுங்க" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பட்டினப்பாக்கம் போனேன். மீன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காதில் விழும்படி, "இவங்க மீன் நல்ல மீன்தான். எங்க மெஷின்லதான் கோளாறு, நான்தான் தெரியாம பேசிட்டேன்" என்றேன். பாதிப்பேர் நான் யார் என்றே தெரியாமல் பார்த்தார்கள்.

"சரி சரி, வெயில்ல நிக்காத" என்றார் அவர், கையில் இருந்த வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே. "நாளைக்கு வா, எடுத்து வெக்கிறேன்."

டெஃப்லான் வளையத்தை மாட்டி, பெட்டியை வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் வெறும் காற்றை ஓட்டிவிட்டு முதல் மீனிலிருந்து தொடங்கினேன். ஒப்பந்தத்தில் மீதியிருந்த மாதங்கள் அதிலேயே போயின. அறிக்கை தாமதமாகப் போனது. முதல் எட்டு மாத அளவுகளை ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு பக்கம் நானே எழுதினேன். தலைவர் அதில் ஒரு வரியும் திருத்தவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் இல்லை.

கடைசி மீனைச் சோதித்து முடித்த அன்று சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு ரயில் பிடிக்கும் கஸ்தூரிபா நகர் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.