விருந்துக்குக் கட்டிய அறை

எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு வெளிநாட்டுத் தூதரகம் உதவித்தொகை தந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டில் யாராவது நாலு இரவு தூங்கி எழும்ப வேண்டும். அவ்வளவுதான்.

சண்டைக் காலத்தில் நாங்கள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்துக்குப் போனபோது என் பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். அங்கேதான் படித்தார்கள், கடை போட்டார்கள், கலியாணம் முடித்தார்கள். என் மனுசனை அடக்கிய கபுறும் அங்கேதான். ஊருக்குத் திரும்பலாம் என்று ஆனபோது நான் மட்டும் மன்னாரில் அரிப்புப் பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறி வந்து என் காணியில் இறங்கினேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பெருநாளுக்கு வருவார்கள். பகல் சாப்பிட்டு, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெளிக்கிட்டு விடுவார்கள். "நாளைக்குக் கடை திறக்கணும் உம்மா" என்பார்கள். நானும் "போயிட்டு வாங்கோ" என்பேன்.

உதவித்தொகைச் செய்தியைக் கொண்டு வந்தவள் என் மச்சாளின் மகள். முன்பள்ளி ரீச்சர், சங்கத்தின் செயலாளரும் அவள்தான். குளிர் நாடு ஒன்று. அங்கேயும் கடல் இருக்கிறதாம். அங்கே பெண்கள் மீனைப் புகையில் போட்டு வைப்பார்களாம். நாங்கள் கருவாடு போடுகிறோம். அவர்களில் ஐந்து பேர் இங்கே வந்து தங்கி எங்களிடம் பழக, நாங்கள் அவர்களிடம் பழக, தூதரகம் கொஞ்சக் காசு தருமாம்.

"வாறவங்க எங்க தங்குவாங்க எண்டு ஒரு கேள்வி இருக்கு மாமி."

"என்ட வீட்டில."

அவள் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டே, "விதவை, வயசானவ, தனிய இருக்கிறவ எண்டும் ஒரு வரி போடுவம். இரக்கப்பட்டுத் தருவாங்க" என்றாள்.

"தனிய எண்டு எழுதினா நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"கோவிக்காதீங்கோ மாமி. உதவிதானே கேக்கிறம்?"

"உதவி சங்கத்துக்கு. வீட்டுக்கு நான் விருந்து கூப்பிடுறன். விருந்து கூப்பிடுறவ அழுதுகொண்டா கூப்பிடுறது?"

'விசாலமான வீடு' என்று எழுதினாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன். எனக்குக் கையெழுத்து வைக்க நேரம் எடுக்கும். அதுவரைக்கும் அவள் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை.

பதில் வரும் முன்னமே இரண்டு மாட்டை விற்றுப் பின்பக்கம் ஒரு அறை கட்டினேன். வெள்ளைக்காரருக்குக் குந்தியிருக்க ஏலாது என்று உள்ளேயே கொமட் வைத்த கக்கூசும் கட்டுவித்தேன்.

மேசன் கேட்டான்: "ஆரு மாமி, ராணியா வாறா?"

"ராணி வந்தா உன்னட்டச் சொல்லிப்போட்டா வருவா? சீமெந்தைப் பூசு."

அந்த அறையை ஒவ்வொரு நாளும் கூட்டினேன். ஒருநாளும் அதில் நான் படுக்கவில்லை.

பிறகு தூதரகத்திலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை போன் எடுத்தாள். மரியாதையான பேச்சு. எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "வீட்டில் உங்களோடு வேறு யார் இருக்கிறார்கள் அம்மா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த ரீச்சர் சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினாள். நான் பொய் பேசிப் பழகியவள் இல்லை.

"ஒருத்தரும் இல்லை மகள். அதாலதான் நிறைய இடம் இருக்கு."

"இரவிலும் தனியாகவா?"

"ஓம்" என்றேன். எழுத விடாத சொல்லை என் வாயாலேயே ஒப்புக்கொண்டேன்.

காசு கிடைத்தது. கூட்டத்தில் ரீச்சர் கடிதத்தை வாசித்தாள். விருந்தாளிகள் மன்னார் ரவுணில் ஹோட்டலில் தங்குவார்கள். காலையில் வானில் வந்து மூன்று மணிக்குத் திரும்புவார்கள். வயதான பெண் தனியாக இருக்கிற வீடு, இரவில் ஏதும் நடந்தால் உதவிக்கு ஆள் இல்லை என்று காரணமும் எழுதியிருந்தார்கள். அந்த இடத்தில் அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். வாசித்து முடிய, காசு கிடைத்ததற்கு எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வந்தார்கள். தகரப் பீப்பாய்க்குள் மீனைத் தொங்கவிட்டுப் புகை போட்டார்கள். எங்கள் பெண்கள் இருமி இருமிச் சிரித்தார்கள். "இவங்க எங்கட கண்ணையும் சேர்த்துக் கருவாடாக்குறாங்க" என்றாள் ஒருத்தி.

கடைசி நாள் பகல் என் வீட்டில் சஹன் வைத்தேன். ஒரு பெரிய தட்டில் சோறு, சுற்றி ஆறு பேர், அவரவர் முன்னால் உள்ளதை அவரவர் சாப்பிட வேண்டும். அவர்களோடு வந்த மொழி தெரிந்த பிள்ளை அதை அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள். என் பக்கத்தில் இருந்தவளுக்கு என் வயது இருக்கும். நரைத்த தலை, வெயிலில் சிவந்த முகம். தன் பக்கத்தை ஒழுங்காகச் சாப்பிட்டவள், நல்ல மீன் துண்டு ஒன்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். அதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாப்பிட்டபின் அவளுக்கு வெக்கை தாங்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் புது அறையில் படுக்க வைத்து, காற்றாடியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே கதிரையைப் போட்டு இருந்தேன். பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"சத்தம் போடாதீங்கோ. வீட்டில ஆள் தூங்குது."

இதைச் சொல்லி எத்தனை வருசம்!

வான்காரன் ஹோர்ன் அடித்தான். மொழி தெரிந்த பிள்ளை ஓடி வந்தாள். "நேரமாச்சு, எழுப்புங்கோ."

"விருந்தாளியை எழுப்புற பழக்கம் எங்களிட்ட இல்லை. அவவா எழும்பட்டும்."

பள்ளிவாசல் அஸர் பாங்கு சத்தத்துக்குத்தான் எழும்பினாள். முகம் கழுவிய ஈரத்தோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். முக்காடு நனைந்தது. வான் போய்விட்டது.

சில நாள் கழித்து ரீச்சர் தூதரகத்துக்கு அனுப்ப அறிக்கை எழுத வந்தாள்.

"ஊரில தங்கினவங்க எத்தினை பேர் எண்டு இருக்கு. பூச்சியம் போடவா மாமி?"

"ஒண்டு போடு."

"அவ குட்டித் தூக்கம்தானே போட்டவ? தங்கினது எண்டா இரவெல்லோ?"

"குறட்டை விட்டவ. என்ட வீட்டில குறட்டை விட்டா அது தங்கினதுதான்."

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். ஒன்று என்றே போட்டாள். நான் கையெழுத்து வைத்தேன்.

போகும்போது படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "மாமி, வேணுமெண்டா இண்டைக்கு நான் இஞ்ச நிக்கவா?"

"உன்ட பிள்ளையள் தேடுவாங்க. போ."

போய்விட்டாள். வேணுமெண்டா என்று கேட்காமல், நிற்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம்.